அண்ணியின் அவலட்சண எழுத்து

என் அண்ணன் மனைவிக்கும் எனக்கும் ஒன்றரை வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்லும்போது, சொந்தக்காரி என்பதால் தூக்கிவைத்துப் பேசுகிறாள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அண்ணி என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் முறை முறைதான். நான் அவரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் என் வயதைப் பார்த்து எனக்கு ‘நீங்க’ போடுவார். இவ்வளவு மரியாதையாக இரண்டு பேர் சண்டை போட்டதை எங்கள் வீட்டில் அதற்கு முன்பு யாரும் பார்த்ததில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு வாழ்த்துமடல். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நான் ராப்பகலாக யோசித்து ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போயிருந்தேன். அண்ணி ஒரு அச்சுக்கடையில் தட்டச்சு செய்பவர், கண்ணாடி போட்டு மாட்டுவதற்கு அழகாக அடித்துத் தரட்டும் என்று அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அத்தனை பேர் முன்னால், ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினோரு இடத்தில் வட்டம் போட்டார். அவருக்கு அது வேலைப் பழக்கம். எனக்கு மானம் போன விஷயம். அன்றைக்கு மூடிய வாய்தான். அதன் பிறகு அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அண்ணனைத்தான் தூது அனுப்புவேன்.

நான் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக்கிடங்கில் உதவியாளர். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிகம். பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது, காலாவதியானதைப் பொறுக்கி எடுப்பது, ஜன்னலில் நிற்கும் மருந்து வழங்குநர் கேட்பதை எடுத்து நீட்டுவது, இதுதான் என் வேலை. அந்த ஜன்னலில் நானே நிற்க வேண்டுமானால் ஒரு தேர்வு எழுத வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டேன். மூன்றாவது முறைக்கு முன்னால் கிடங்கு அதிகாரி எங்களைக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கையை வாசித்தார். தற்காலிக இடங்களையெல்லாம் எடுக்கப் போகிறார்கள். தேர்வில் தேறியவர்கள் நிரந்தரம். தேறாதவர்கள் வருடக் கடைசியோடு வீட்டுக்கு. நாற்பத்திரண்டு வயதுக்கு மேல் தேர்வும் எழுத முடியாது. எனக்கு அப்போது நாற்பத்தொன்று முடிந்து ஐந்து மாதம்.

படிக்காமல் இருந்தேனா என்றால் இல்லை. நூற்று அறுபது பக்கக் குறிப்பு ஒன்று எங்கள் கிடங்கில் கைமாறிக்கொண்டே இருக்கும். வழுவழுவென்று அச்சடித்த அழகான எழுத்து. அதை ஐந்து தடவை முழுதாகப் படித்திருக்கிறேன். பஸ்ஸில் படிப்பேன், சாப்பிடும்போது படிப்பேன். படிக்கும்போது எல்லாம் புரியும். மூடி வைத்தால் மூளை துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். வீட்டுக்காரர் ஒருநாள், “உனக்கு ஞாபக மறதின்னு சொல்ல முடியாது, நான் கல்யாணமான புதுசுல சொன்னதெல்லாம் வரி மாறாம வச்சிருக்கியே” என்றார். சிரிப்புத்தான் வந்தது. கூடவே பயமும் வந்தது.

என்னிடம் இருந்தது நகலின் நகலுக்கு எடுத்த நகல். பாதிப் புள்ளிகள் காணாமல் போய்விட்டன, சில பக்கங்களில் ஓரம் கறுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அண்ணனிடம் கொடுத்து, “உங்க வீட்டம்மாகிட்ட சொல்லி இதைச் சுத்தமா அடிச்சுத் தரச் சொல்லு” என்றேன்.

“நீயே சொல்லேன் பாப்பா. கடை உங்க ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்புக்கு எதிர்லதானே இருக்கு?”

“சொல்ற ஆளா இருந்தா உன்கிட்ட ஏன் கெஞ்சறேன்?”

ஒரு வாரம் கழித்து அண்ணன் முதல் நாற்பது பக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கிளம்பினான். அவன் அவசரத்தின் காரணம் பையைப் பிரித்ததும் தெரிந்தது.

அப்படி ஒரு எழுத்தை நான் பார்த்ததே இல்லை. ககரத்தின் வயிறு நசுங்கியிருந்தது. றகரத்தின் கால் பக்கத்து எழுத்தை உதைத்துக்கொண்டிருந்தது. ஒரு கோடு தடி, அடுத்த கோடு நூல். புள்ளிகள் மட்டும் மிளகு அளவுக்கு உருண்டையாக, ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் உட்கார்ந்திருந்தன. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் கண் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் முத்து முத்தாக அடித்துக் கொடுக்கிறவர், நாத்தனாருக்கு என்றால் இதுதானா? வாழ்வா சாவா என்று நிற்கிறேன், இதிலுமா பழி தீர்ப்பது?

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன்.

அந்தக் கடையில் நகல் எடுக்கும் இயந்திரம் இரண்டு, கணினி மூன்று. மூலையில் இருந்தது அண்ணியின் இடம். அவருடைய விசைப்பலகையில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. எல்லாம் தேய்ந்து வெறும் கறுப்புக் கட்டைகள். பத்தொன்பது வருடமாகத் தட்டுகிறார் அல்லவா. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லூரிக்கு இடம் கிடைத்து, அவர் அப்பா நோயில் படுத்துவிட்டதால் போக முடியாமல், இரண்டு மாதத்துக்கு என்று இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். மற்றவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகள், பாடக் குறிப்புகள், வினாத்தொகுப்புகள் எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போயின. கல்லூரிக்குள் மட்டும் அவர் போகவில்லை. இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

காகிதக் கட்டை அவர் மேசைமேல் போட்டேன். “அண்ணி, என் மேல இருக்கிற கோவத்தைப் பேப்பர்ல காட்டாதீங்க. என் பொழைப்பு இதுல இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என்னுடைய பழைய நகலை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்து, ஒரு வரியில் விரல் வைத்தார்.

“இதை மட்டும் படிச்சுக் காட்டுங்க. அப்புறம் திட்டுங்க.”

“வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடிய மருந்துகள் பின்வருமாறு” என்று கடகடவென்று படித்தேன்.

“இன்னொரு தடவை.”

“வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடிய மருந்துகள். என்ன, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?”

அண்ணி, தான் அடித்த பக்கத்தில் அதே வரியை எடுத்துக் காட்டினார். அந்தக் கோணல் எழுத்தில் வேகமாகப் போக முடியாது. கொ, டு, க், க, க், கூ, டா, த என்று தடவித் தடவிப் போனேன். கொடுக்கக்கூடாத. பழைய பக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். அதிலும் ‘கூடாத’ என்றுதான் இருந்தது. முதலில் படித்தபோதும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்து தடவையும்.

கடைக்காரர் பின்னாலிருந்து சிரித்துவிட்டு, நான் திரும்பிய வேகத்தில் இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்.

“நீங்க படிக்கல, ஊகிக்கிறீங்க” என்றார் அண்ணி. “பழகின எழுத்துன்னா கண்ணு சொல்லோட தலையைப் பாத்துட்டு, மிச்சத்தை அதுவாப் போட்டுக்கிட்டுப் போயிடும். எனக்கும் அப்படித்தான் ஆகும். ஆனா நம்ம பாஷையில ஆமாவும் இல்லையும் சொல்லோட வால்லதானே இருக்கு? செய்யலாம், செய்யக்கூடாது, செய்யாம இருக்கக்கூடாது. வாலை விட்டா மொத்தமும் போச்சு.”

“அதுக்கு இந்த அசிங்கத்துல அடிக்கணுமா?”

“இது என்னோட கடைசி புரூஃப் ஃபான்ட்.”

அப்புறம்தான் விவரம் சொன்னார். எவ்வளவு கவனமாக அடித்தாலும், அடித்தவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. அதனால் எல்லா வேலையும் முடிந்த பிறகு அண்ணி மொத்தத்தையும் இந்த எழுத்துருவுக்கு மாற்றுவார். யாரோ விளம்பரப் பலகைக்காகச் செய்ய ஆரம்பித்து, பாதியில் கைவிட்ட எழுத்து அது. அந்த வேஷத்தில் பார்த்தால் தான் அடித்ததே வேறு யாரோ அடித்தது மாதிரி இருக்குமாம். பிழைகள் எழுந்து நின்று கைதட்டிக் கூப்பிடுமாம். திருத்திவிட்டு நல்ல எழுத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார். வாடிக்கையாளர் யாரும் அதைப் பார்த்ததில்லை. கடைக்காரர் அதற்குப் பேய் எழுத்து என்று பெயர் வைத்திருந்தார்.

“என் கண்ணு இப்படின்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?”

அண்ணி கொஞ்சம் தயங்கினார். “மாமாவோட வாழ்த்துமடல்ல பதினொரு தப்பு இருந்துச்சுல்ல? அதுல எட்டு, சொல்லோட கடைசியில. உங்களுக்கு விஷயம் தெரியும். கண்ணுதான் அவசரப்படுது. அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க எழுந்து போயிட்டீங்க.”

மீதிப் பக்கங்களையும் அதே எழுத்தில் அடித்துத் தரச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். அவ்வளவு சீக்கிரம் இறங்கிவருகிற ஜாதகம் இல்லை என்னுடையது.

அன்று முதல் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து பேய் எழுத்தோடு மல்லுக்கட்டினேன். ஒரு மணி நேரத்துக்கு நாலு பக்கம் நகர்ந்தாலே பெரிய விஷயம். ஆனால் படித்தது உட்கார்ந்தது. உடைத்துக் கொடுக்கக்கூடாத மாத்திரைகள் எவை என்று யோசித்தால், பக்கத்தின் கீழே டாவன்னா வழுக்கி விழுகிற மாதிரி நின்ற இடமே கண்ணுக்கு வரும். கூடவே மாத்திரைகளின் பெயர்களும் வரும். ராத்திரி வீட்டுக்காரரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொன்னேன். பத்துக்கு எட்டு சரி. மனுஷர் மிரண்டுபோய், “இனிமே நான் வாக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி யோசிக்கணும்” என்றார்.

கிடங்கில் செய்தி பரவிவிட்டது. என்னோடு தேர்வு எழுதுகிற இன்னொருத்தி ஒரு நகல் வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் தலைவலி மாத்திரையோடு வந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். “இதைப் படிச்சுத் தேறறதுக்குத் தேறாமலே இருந்துக்கறேன்” என்றாள். அவள் பழைய குறிப்பைப் படித்தே நன்றாகச் சொல்கிற ஆள். அவளுக்கு இது தேவையே இல்லை. அண்ணியிடம் இதைச் சொன்னபோது, “ஒரே கண்ணாடி எல்லாருக்கும் போட முடியுமா?” என்று விட்டுவிட்டார்.

எனக்குமே அது நெடுநாள் ஓடவில்லை. நான்காவது வாரம் பேய் பழகிவிட்டது. நசுங்கின ககரம் சொந்தக்காரர் முகம் மாதிரி ஆகிவிட்டது. கண் மறுபடியும் வழுக்க ஆரம்பித்தது. ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தேன். மூன்று இடத்தில் பழைய மாதிரியே வாலைக் கோட்டைவிட்டிருந்தேன். தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான். இந்தத் தடவை தூது அனுப்பவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே ஓடினேன்.

“எழுத்துல மந்திரம் ஒண்ணும் கிடையாது” என்றார் அண்ணி. “அது உங்களை மெதுவாப் போக வச்சுது, அவ்வளவுதான். எனக்கே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேற ஃபான்ட் தேவைப்படும். இப்ப மெதுவாப் போறதை நீங்களே பழகணும்.”

அவர் செய்த வேலை இதுதான். கடினமான பக்கங்களை வேறொரு எழுத்தில், வார்த்தைகளுக்கு நடுவே அகலமாக இடம் விட்டு அடித்தார். அதில் நூறு சொற்களின் கடைசி இரண்டு எழுத்தை அடிக்காமல் விட்டுவிட்டார். ‘குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூ’ என்று நிற்கும்; மிச்சத்தை நான் என் கையால் எழுத வேண்டும். எழுதிக்கொண்டு போனால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். முதல் நாள் இருபத்தாறு வட்டம். நான் எழுந்து போகவில்லை. அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “இது ஏன் கூடாது? குழந்தைக்குக் குடுத்தா என்ன ஆகும்?” என்று அவர் கேட்கக் கேட்க, எனக்குத் தெரிந்த மருந்து விஷயத்தையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவருக்குச் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் ஆழமாகப் பதிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இவ்வளவு பேச விஷயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் என்னை வேலைக்குச் சேர்ந்த புது ஆள் என்று நினைத்து, முன்னும் பின்னும் நகல் எடுக்கச் சொல்வார்கள். அண்ணி என்னை ‘மருந்தம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்த ஸ்டூலில்தான்.

கடைசிப் பத்து நாள் எல்லாவற்றையும் பழைய வழுவழு எழுத்துக்கே மாற்றிக் கொடுத்தார். நான் பதறினேன்.

“கேள்வித்தாள் அழகான எழுத்துலதானே வரும்? அதுலதான் நீங்க வழுக்குவீங்க. இப்பவே வழுக்காம நடந்து பழகுங்க.”

தேர்வு அன்று அப்படியேதான் வந்தது. வெண்ணெய் போன்ற எழுத்து. விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, வால் வரைக்கும் கொண்டுபோய்விட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தேன். முப்பத்தேழாவது கேள்வி, ‘பின்வருவனவற்றுள் உறையவைக்கக்கூடாத மருந்து எது?’ என்று இருந்தது. போன இரண்டு முறையும் இப்படி ஒரு கேள்வி வந்திருக்கும், நான் ‘கூடிய’ என்று படித்துவிட்டு மிகுந்த நம்பிக்கையோடு தப்பாக எழுதியிருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது. இன்சுலின் என்று குறித்தேன். ஆனால் மெதுவாகப் படித்ததில் ஒரு சங்கடம். மணி அடித்தபோது கடைசி ஆறு கேள்விகளை நான் தொடவே இல்லை. கடைக்குப் போய் அதைச் சொன்னபோது அண்ணியின் முகம் வாடிவிட்டது. “நான்தான் உங்களை ரொம்ப மெதுவா ஓட்டிட்டேன்” என்று மறுபடி மறுபடி சொன்னார். அன்று நான் அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, வேலை நேரத்தில், கிடங்கின் குழுச்செய்தியில் முடிவு வந்தது. இரண்டு பக்கங்களைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்றின் தலைப்பு ‘நியமனத்துக்குத் தகுதி பெற்றவர்கள்’. இன்னொன்று ‘நியமனத்துக்குத் தகுதி பெறாதவர்கள்’. இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே நீளம். ஒரு பக்கத்தில் என் எண் இருந்தது. தலைப்பைப் படித்தேன். பெற்றவர்கள் என்று தெரிந்தது. உடனே என் கண்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆசைப்பட்டதைத்தான் இந்தக் கண் எப்போதும் போட்டுக்கொள்ளும் என்று எனக்குத்தான் தெரியுமே. திரும்பப் படித்தேன். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. அதிகாரியிடம் பத்து நிமிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

அண்ணி ஏதோ புத்தகத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“படிங்க அண்ணி. நான் படிச்சா நம்ப மாட்டேன். கடைசி வரைக்கும் படிங்க.”

அவர் போனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கி, என் எண்ணைப் பார்த்தார். பிறகு மேலே நகர்த்தி, தலைப்பில் நிறுத்தினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

“என்னம்மா ஆச்சு? பாஸா, ஃபெயிலா?” என்று கடைக்காரர் கேட்டார்.

அண்ணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “பத்தொம்பது வருஷமா எத்தனையோ பேருக்கு அடிச்சுக் குடுத்திருக்கேன்” என்றார். “பேப்பரை வாங்கிட்டுப் போவாங்க. தேறினாங்களா, என்ன ஆனாங்கன்னு ஒருத்தரும் வந்து சொன்னதில்ல. நான்தான் இந்த மாசம் ரிசல்ட் வந்திருக்குமே, அந்தப் பொண்ணு பாஸ் பண்ணியிருப்பாளான்னு உக்காந்து யோசிச்சிட்டு இருப்பேன்.” போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். “நீங்களே படிங்க மருந்தம்மா. எனக்கு எழுத்து தெரியல.”

கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது அவருக்கு. நான் அவர் பக்கத்தில் நின்று, விரல் வைத்து, கடை முழுக்கக் கேட்கும்படி படித்தேன். தகுதி. பெ, ற், ற, வ, ர், க, ள். கடைசிப் புள்ளி வரைக்கும். படித்து முடித்துவிட்டு, “உங்களாலதான் அண்ணி” என்றேன்.